வாசுவின் இடது கை

வாசு விழுந்தது டத்தோ கெராமாட் ரோட்டில், பட்டப்பகலில். தொண்ணூற்றாறாம் வருஷம், அக்டோபர் மாதம். அந்த மாதத்து மழை பினாங்கு மலையில் பிடித்தால் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் ஓயும். பஸ் ஒன்றுக்கு வழிவிட ஒதுங்கியவன், மோட்டார் சறுக்கி, ரோட்டோரம் பலாப்பழம் விற்றுக்கொண்டிருந்த சீனரின் பெரிய குடைக்கடியில் போய் உட்கார்ந்தான். எழுந்ததும் முதலில் பார்த்தது பின் சீட்டில் கட்டியிருந்த கீபோர்டு ஸ்டாண்டைத்தான். அதற்கு ஒரு கீறல் இல்லை. அப்பாடா என்று நெற்றியைத் துடைக்கப் போனபோதுதான் தெரிந்தது, இடது மணிக்கட்டு தன்பாட்டுக்கு ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

செய்தி வந்தபோது அவன் மனைவி ருக்குமணி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில், தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்புக்குள், கண் மட்டும் தெரிய மைக்ராஸ்கோப்பின் முன்னால் குனிந்திருந்தாள். கம்ப்யூட்டருக்குள் போகும் ஹார்ட் டிஸ்க்கின் பொடிப்பொடிப் பாகங்களில் கீறல் பார்ப்பது அவள் வேலை. பக்கத்து நாற்காலி ரொஸ்னாதான் மேலாளரிடம் பேசி அவளை அனுப்பிவைத்தாள்.

ஆஸ்பத்திரியில் வாசு கட்டிலில் சாய்ந்தபடி, மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல் நுனிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வலிக்குதா?"

"வலி கெடக்குது. தீபாவளி கழியறவரைக்கும் கட்ட அவுக்கக்கூடாதாம் ருக்கு. நிபோங் திபால் கல்யாணத்துக்கு என்னா பண்றது?"

ஆனந்தராஜாவின் இசைக்குழுவில் அவன் கீபோர்டு வாசிப்பவன். திங்கள் முதல் வெள்ளிவரை பிறை ஊர்ப் பக்கம் ஒரு கிடங்கில் ஸ்டோர் வேலை. சனி ஞாயிறு வந்தால் கல்யாணம், கோயில், பிறந்தநாள். பேஸ் கிட்டார் வாசித்தவன் வேலை கிடைத்துக் கோலாலம்பூர் போனதிலிருந்து வாசு இரண்டு கீபோர்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டான். மேலே வலது கை பாட்டின் மெட்டை வாசிக்கும். கீழே இடது கை பேஸும் சேர்த்துக் குழுவுக்கு அடித்தளம் போடும். அந்த இடது கைதான் இப்போது மாவுக்கட்டில்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனந்தராஜா வாசுவின் வீட்டுக்கு வந்தார். வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துத் தாத்தாவின் பேச்சு மூன்றாம் தலைமுறையாக அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. வயலின் வாசிப்பார், குழுவையும் நடத்துவார். கூடவே தபேலா வாசிக்கும் நாகூர் மீரான், கையில் நாசி கண்டார் பொட்டலங்களோடு. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியின் அந்தச் சின்ன ஹாலில் மீன்தலைக் குழம்பு வாசனை நிறைந்தது. ருக்குமணி பொட்டலத்தைப் பிரித்து, வாசுவின் சோற்றைப் பிசைந்து, முள் எடுத்து வைத்தாள்.

ஆனந்தராஜா சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, கோபிக்கக்கூடாது. பட்டர்வொர்த்திலை ஒரு பெடியன் இருக்கிறான். நல்லா வாசிப்பான். இந்த ஒரு கலியாணத்துக்கு அவனைக் கூப்பிடுவம் எண்டு நினைக்கிறன்."

வாசு சோற்றை மென்றுகொண்டே தலையாட்டினான். மென்றது இறங்கவில்லை என்பது ருக்குமணிக்குத் தெரிந்தது.

"நல்ல பையன்தான்ணே," என்றான் வாசு. "நானும் கேட்டிருக்கேன். வலது கையும் நல்லா வாசிப்பான், இடது கையும் நல்லா வாசிப்பான்."

"ஒரு நாளுக்குத்தான்லா," என்றான் மீரான்.

"ஒரு நாள்தான். அப்புறம் தீபாவளி ஷோவுக்கு ஒரு நாள். அப்புறம் தைப்பூசத்துக்கு ஒரு நாள்."

ருக்குமணி தண்ணீர் ஊற்ற எழுந்தவள், மூலையில் துண்டு போட்டு மூடியிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தாள். மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். தொழிற்சாலை லைனை விட்டு ஆபீஸ் பக்கம் போகவேண்டும் என்று ஆசை. கொம்தார் கட்டடத்தில் கடை வைத்திருந்த ரொஸ்னாவின் அண்ணனிடம் வாங்கிய கம்ப்யூட்டர் அது. வாசு அதற்கு வைத்த பேர் 'படம் ஓடாத டிவி'.

"இதுல பாட்டு வாசிக்க வைக்கலாம்ணே," என்றாள்.

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"ரொஸ்னா அண்ணன் கடையில பாத்தேன். ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. கீபோர்டுல வாசிக்கறத கம்ப்யூட்டர் ஞாபகம் வச்சுக்கும். அப்புறம் ஒரு கேபிள் வழியா அதே கீபோர்டுக்குத் திருப்பிச் சொல்லும். கீபோர்டு தானா வாசிக்கும். இவங்க மேல் கீபோர்ட வலது கையால வாசிக்கட்டும். கீழ் கீபோர்ட கம்ப்யூட்டர் வாசிக்கட்டும்."

மீரான் வாய்விட்டுச் சிரித்தான். "நல்லதுலா! கம்ப்யூட்டர் லேட்டா வராது. பிரியாணி கேக்காது. சிகரெட் பிடிக்க வெளிய போவாது."

வாசு சிரிக்கவில்லை.

"ஆளக் கூப்பிட்டா அவன் வாசிச்சிட்டுத் திரும்பிப் போயிடுவான். மிஷின் போவாது ருக்கு. வந்தா வந்ததுதான்."

அவன் சொன்னது ருக்குமணிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை.

"அந்தப் பையன் வந்தா அவன் வாசிக்கறது அவனோடதுங்க. இதுல வர்றது நீங்க வாசிச்சதுதான்."

ஆனந்தராஜா கை கழுவிவிட்டு வந்து, கம்ப்யூட்டர்மேல் கிடந்த துண்டைத் தூக்கிப் பார்த்தார், கோழிக்கூட்டுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல. "வாற சனி ஒத்திகைக்குக் கொண்டு வாரும் பிள்ளை. கேட்டுப் பாப்பம். சரிவராட்டி பெடியனைக் கூப்பிடுறதுதான்."

திங்கட்கிழமையே கேபிளும் சாஃப்ட்வேர் டிஸ்க்குகளும் வந்தன. ருக்குமணி வேலை விட்டு வந்து குளித்து, சார்டின் சம்பலும் சோறும் செய்து வைத்துவிட்டு உட்காருவாள். வாசு கீழ் கீபோர்டை மடியருகே இழுத்துக்கொண்டு, இடது கை வாசிக்கவேண்டியதை வலது கையால் வாசித்துக் கொடுப்பான். திரையில் அது சின்னச் சின்னக் கோடுகளாக விழும். ருக்குமணிக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கீறல் பார்க்கிற கண் அவளுக்கு. நீளமான கோடு, குட்டிக் கோடு, படியேறுகிற கோடு என்று முதல் நாளே பிடிபட்டுவிட்டது.

இரண்டாம் நாள் அவள் மெனுவில் ஒன்றைக் கண்டுபிடித்தாள். அழுத்தினால் முன்னே பின்னே கிடக்கும் கோடுகளெல்லாம் போலீஸ் அணிவகுப்பு மாதிரி நேராக நின்றன. பெருமையாகப் போட்டுக் காட்டினாள்.

வாசு முகத்தைச் சுளித்தான். "என்னா இது, பாட்டுக்கு இஸ்திரி போட்டுட்டியா?"

"நேரா இருந்தா நல்லதுதானே?"

"கல்யாண வீட்டுல எவன்லா நேரா நடக்கறான்? பழசாவே போடு."

பழையதைக் கொண்டுவந்து அவள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "இங்க பாருங்க. தாளத்துல மூணாவது தட்டுல நீங்க எப்பவும் கொஞ்சம் லேட்டு. ஒரு எடத்துல இல்ல, எல்லாப் பாட்டுலயும்."

"எவன் சொன்னான்?"

"எவனும் சொல்லல. கண்ணுக்குத் தெரியுது." விரலால் திரையில் தொட்டுக் காட்டினாள்.

வாசு நாற்காலியை இழுத்துப்போட்டுக் கிட்டே வந்தான். மறுபடி கேட்டான். மறுபடியும் கேட்டான். பிறகு மெதுவாக, "அது லேட் இல்ல. அது ஸ்டைலு," என்றான்.

"சரி, ஸ்டைலு. வச்சுக்கறேன்."

"இத்தன வருஷம் ஆனந்தராஜா அண்ணன் காதுக்கே தெரியல இது," என்று சொல்லிச் சிரித்தான். விழுந்த நாளிலிருந்து அவன் அப்படிச் சிரிக்கவில்லை. அதற்குப்பிறகு படம் ஓடாத டிவி என்ற பேரும் வீட்டில் கேட்கவில்லை. அவள் வேலைக்குப் போகும்போது, "இன்னிக்கு சீக்கிரம் வந்திரு, ரெண்டு பாட்டு பாக்கி," என்று வாசலில் நின்று சொன்னான்.

சனிக்கிழமை ஒத்திகை, லிட்டில் இந்தியாவில் குவீன் ஸ்ட்ரீட் துணிக்கடை ஒன்றின் மாடியில். கீழே கடைகளில் தீபாவளிக் கூட்டம் நெரிந்தது. முதல் பாட்டு தொடங்கியது. கீழ் கீபோர்டை யாரும் தொடவில்லை. பேஸ் தும்தும் என்று வந்தது. மீரான் தபேலாவில் கை வைத்தபடி, "பேய் வாசிக்கிற மாதிரி இருக்குலா," என்றான். எல்லாம் நன்றாகத்தான் போனது, பாடகி சந்திரிகா சரணத்துக்கு முன்னால் ஒரு இழுப்பு இழுக்கும்வரை. அவள் குரல் நன்றாக ஏறிய நாள் அது. இழுத்தாள், வளைத்தாள், இறங்க மனமில்லாமல் நின்றாள். கம்ப்யூட்டர் நிற்கவில்லை. சரணம் பாதி ஓடியபிறகு சந்திரிகா இறங்கி வந்தாள். மீரான் யாரோடு சேர்வது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்தான். பாட்டு நடு ரோட்டில் கவிழ்ந்தது.

"இது என்னக்கா, எனக்குக் காத்திருக்க மாட்டேங்குது!" என்றாள் சந்திரிகா.

ஆனந்தராஜா வயலினைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். "ஏலாது பிள்ளை. பாடுறவள் மூச்சு விடுற இடத்திலை நாங்கள் நிக்கவேணும். இதுக்கு ஆர் அதைச் சொல்லுறது? நான் பெடியனுக்குத் திங்கக்கிழமை போன் பண்ணுறன்."

வாசு, "சரிண்ணே," என்று மட்டும் சொன்னான். மானிட்டரைப் போர்வையில் சுற்றும்போது அவன் ஒற்றைக் கையால் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். ருக்குமணிக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஆர் அதைச் சொல்லுறது என்று அவர் கேட்டாரே, அது மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஞாயிறு காலை ரொட்டி சானாய் வாங்கி வந்து வாசு முன் வைத்தவள், அதைத் துண்டுதுண்டாகப் பிய்த்துக் கொடுக்கும்போது கையை நிறுத்தினாள்.

"பாட்ட முழுசா ஏன் வைக்கணும்?"

"என்னா?"

"பல்லவி ஒரு துண்டு. சரணம் ஒரு துண்டு. நடுவுல வர்ற மியூசிக் ஒரு துண்டு. ஒவ்வொரு துண்டும் திரும்பத் திரும்ப ஓடிக்கிட்டே இருக்கட்டும். சந்திரிகா எவ்வளவு இழுத்தாலும் அதே இடத்துல சுத்தும். அவ இறங்கினதும் ஒரு பட்டன் தட்டினா அடுத்த துண்டு."

வாசு ரொட்டியை மறந்தான். அன்று முழுக்கப் பாட்டுகளை வெட்டினார்கள். சாயங்காலம் அவனே சந்திரிகாவின் குரலில் கோணல்மாணலாகப் பாடி, வேண்டுமென்றே இழுத்து இழுத்துச் சோதித்தான். ருக்குமணி தட்டினாள். முதலில் பிந்தினாள், பிறகு முந்தினாள், பிறகு பாட்டு அவன் தொண்டையில் இறங்குவதற்கு ஒரு நொடி முன்னாலேயே அவள் விரலுக்குத் தெரிந்தது.

"சரி, மேடையில யார் தட்டறது?" என்றாள்.

"நான்தான்." வாசு வலது கையால் மேல் கீபோர்டை வாசித்துக்கொண்டே மாவுக்கட்டு முழங்கையால் பட்டனைத் தட்டப் போனான். நாலு பட்டன் ஒன்றாக விழுந்து கம்ப்யூட்டர் கீச்சென்று கத்தியது. கால் கட்டைவிரலால் முயன்றான். நாற்காலியோடு சாய்ந்தான். ருக்குமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் தரையில் உட்கார்ந்தபடியே சொன்னான்:

"நீதான் வரணும்."

"மேடைக்கா? அய்யோ, நான் மாட்டேன்ப்பா. அத்தன பேர் முன்னாலயா?"

"யாரும் ஒன்னப் பாக்க மாட்டாங்கலா. எல்லாரும் பொண்ணு மாப்பிள்ளயப் பாப்பாங்க."

அவள் அரைமனதாகத் தலையாட்டியதும், அன்றிரவே வாசு போனில் ஆனந்தராஜாவோடு வெகுநேரம் பேசினான். அவர் நேரில் வந்து, ஒரு பாட்டு முழுக்கக் கேட்டு, வேண்டுமென்றே நடுவில் வயலினை நிறுத்தியும் பார்த்தார். ருக்குமணி கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்து, அவர் வில்லைத் தூக்கியபோது தட்டினாள். "ம்ம்," என்றார். அவ்வளவுதான். பட்டர்வொர்த் பையனுக்குப் போன் போகவில்லை.

ரொஸ்னா ஷிப்ட் மாற்றிக் கொடுத்தாள். கல்யாணத்தன்று காலை வேனில் தபேலா, வயலின், ஸ்பீக்கர், இரண்டு கீபோர்டு, எல்லாவற்றுக்கும் நடுவில் தலையணைகளுக்கிடையே மானிட்டர். பாலத்தில் ஏறி ஜுரு தொழிற்சாலைகளைத் தாண்டும்வரை ருக்குமணி அதைக் கட்டிப்பிடித்தபடி வந்தாள். அப்புறம் இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். மழை விட்ட இலைகள் வெயிலில் மின்னின. "வாந்தி வர்ற மாதிரி இருக்கு," என்றாள். மீரான் பைக்குள்ளிருந்து ஒரு புளிப்பு மிட்டாய் எடுத்துக் கொடுத்தான். "எனக்கு இன்னும் வரும் அக்கா. பதினஞ்சு வருஷமா."

மண்டபத்தில் வாழையிலை, சாம்பார், மல்லிகை, புதுப்புடவை எல்லாம் கலந்து ஒரு வாசனை. மேடை மூலையில் ருக்குமணிக்கு இடம். பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலில் வந்து நின்றதும் ஆனந்தராஜா கண் காட்டினார், அவள் தட்டினாள். வரவேற்பு இசை எழுந்தது. ஜோடி பாதி தூரம் வந்திருக்கும், வீடியோக்காரர் கையைத் தூக்கி, "திரும்பப் போங்க, திரும்பப் போங்க, லைட்டு விழல!" என்றார். திரும்பப் போனார்கள். மறுபடி நடந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை ஆரத்தித் தட்டோடு குறுக்கே வந்தாள். அவள் எடுத்து முடித்ததும், இன்னொரு அத்தையும் எடுக்க வந்தாள். ருக்குமணி துண்டைச் சுற்றவிட்டாள். வாசு மேல் கீபோர்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக ஏதோ சேர்த்தான். மணமகள் கடைசியாக மேடைப் படியில் கால் வைத்த அதே தாளத் தட்டில் ருக்குமணி பட்டனை அழுத்த, முடிவிசை பொங்கி எழுந்தது. முன் வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போதுதான் மாப்பிள்ளையின் தாத்தா மேடையேறினார். அய்யாக்கண்ணு என்று பேர். ரப்பர்த் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர். வெள்ளை வேட்டி, தோளில் ஜரிகைத் துண்டு. மைக்கை ஆனந்தராஜாவின் கையிலிருந்து கேட்காமலே வாங்கினார்.

"பேரன் கல்யாணத்துல நான் பாடாம யார்லா பாடறது? நானே கட்டின பாட்டு. மியூசிக்கு போடுங்க."

"என்ன சுருதி ஐயா?" என்றார் ஆனந்தராஜா.

"அதெல்லாம் நீங்க பாத்துக்குங்க."

தொண்டையைக் கனைத்துவிட்டுத் தொடங்கினார்:

"பாலத்தத் தாண்டி வந்த ராசா,
பள்ளிக்கூடம் தாண்டாத ராசா..."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. மாப்பிள்ளை முகத்தை மூடிக்கொண்டான். மீரான் தாளத்தைப் பிடித்தான். வாசு வலது கையால் துழாவித் துழாவி மெட்டைப் பிடித்தான். ஆனால் கீழே ஒன்றுமில்லை. அடி இல்லாத பாத்திரம் மாதிரி பாட்டு ஆடியது. கம்ப்யூட்டரில் இந்தப் பாட்டு எப்படி இருக்கும்? வாசு திரும்பி ருக்குமணியைப் பார்த்தான். கேட்கவில்லை, சும்மா பார்த்தான். எப்போதும் இடது கை இருந்த பக்கம் அது.

அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான்காவது பாட்டின் சரணத்துத் துண்டும் இதே மாதிரிதான் துள்ளும். அதை எடுத்தாள். வேகத்தைக் குறைத்தாள், கிழவர் காலால் தட்டுகிற அளவுக்கு. தட்டினாள்.

நாராசம். சுருதி சேரவில்லை. மேடையே ஒருமுறை அதிர்ந்தது. கிழவர் பாடிக்கொண்டே திரும்பி முறைத்தார். சந்திரிகா உதட்டைக் கடித்தாள். ருக்குமணி சட்டென்று ஒலியை அமர்த்தினாள். காது சூடேறியது. கையை எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எடுக்கவில்லை. வாசு வாசித்தபடியே வாயசைத்தான்: "மேல. மேல ஏத்து."

சுருதியை ஒரு படி ஏற்றிப் பார்த்தாள், மெல்ல, தனக்கு மட்டும் கேட்கிற அளவில். இல்லை. இன்னொரு படி. கிழவரின் குரலும் பேஸும் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிக்கொண்டு விழுந்தன. ஒலியைத் திறந்துவிட்டாள்.

"பல்லு தேய்க்க அழுத ராசா,
பக்கத்தில் ராணி வந்தா பாத்தியா!"

அதன்பிறகு கிழவரை யாராலும் இறக்க முடியவில்லை. ஓரிடத்தில் வரி மறந்து நின்றார். ருக்குமணியும் அங்கேயே நின்று சுற்றினாள். அவர் ஞாபகம் வந்து தலையாட்ட, அவளும் சேர்ந்து தாவினாள். இலையில் பாயசத்தை விட்டுவிட்டு ஆட்கள் எழுந்து வந்து ஆடினார்கள். இறங்கும்போது அய்யாக்கண்ணு அவள் மேசையைத் தட்டி, "கொஞ்சம் பயந்துட்டேன் தாயி. அப்புறம் நல்லா வந்துச்சு," என்றார்.

கடைசியில் ஆனந்தராஜா கலைஞர்களின் பேரைச் சொல்லத் தொடங்கினார். வயலின், தபேலா, குரல். "கீபோர்டு, வாசு. கம்ப்யூட்டர்..." என்று இழுத்தார், அப்படி ஒரு வாத்தியத்தை மேடையில் சொல்லிப் பழக்கமில்லாமல். வாசு மைக்குக்குக் கேட்கும்படி எட்டி, "ருக்குமணி," என்றான். கைதட்டலில் அவள் எழுந்து நிற்கவேண்டியிருந்தது. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மானிட்டரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

தீபாவளி முடிந்து, கட்டு அவிழ்ந்தது. கை வெளிறிப்போய், மெலிந்து, பிறந்த குழந்தையின் கைபோல் இருந்தது. வாசு அதற்கு எண்ணெய் தேய்த்து, பந்தைப் பிசைந்து, மெல்ல மெல்ல வாசிக்கத் தொடங்கினான். மூன்றாவது தட்டில் மறுபடி பிந்தினான். ருக்குமணி அடுப்படியிலிருந்து கேட்டுச் சிரித்துக்கொண்டாள்.

ஒரு சாயங்காலம் ஆனந்தராஜாவும் மீரானும் வந்தார்கள். ஜுருவில் ஒரு கல்யாணம்.

"இப்ப யோசிக்கவேணும்," என்றார் ஆனந்தராஜா. "மேடை சின்னன். ஒண்டுதான் வைக்கலாம். ரெண்டாவது கீபோர்டா, மேல் கீபோர்டிலையே வாசிக்கிற கம்ப்யூட்டரா?"

"கீபோர்டுன்னா சட்டுனு வாசிச்சிரலாம்ணே," என்றான் வாசு. "வேன்ல தலையணை வைக்க வேணாம்."

"கம்ப்யூட்டர்னா சத்தம் நெறையும்லா," என்றான் மீரான். "நாலு பேர் வாசிக்கிற மாதிரி. இப்ப எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க."

"கரண்டு போச்செண்டால்?"

"கரண்டு போனா கீபோர்டும் போச்சுண்ணே. என் தபேலா மட்டும்தான்."

மூன்று பேரும் எடை பார்த்தார்கள், ஒலி பார்த்தார்கள், கேபிள் நீளம் பார்த்தார்கள். மழை நின்ற வெளிச்சம் ஜன்னல் வழியே அவர்களுடைய கோப்பித் தம்ளர்களில் விழுந்தது. ருக்குமணி வெங்காய வடைத் தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். உள்ளே போகவில்லை.

"நான் வர்றேன்," என்றாள்.

வாசு நிமிர்ந்தான். "இல்ல ருக்கு, நீ எதுக்குச் சிரமப்பட்டு... எனக்குதான் கை நல்லாயிடுச்சே."

"என் கையும் நல்லாத்தான் இருக்கு."

மீரான் வடையைக் கடித்த கடியோடு நின்றான்.

"ஒதவிக்குத்தான் வந்தேன், இல்லன்னு சொல்லல," என்றாள் ருக்குமணி. "ஆனா எனக்கு அங்க ஒக்காந்திருக்கப் புடிச்சிருக்கு. பாடறவங்க மூச்சு விடற எடத்துல நிக்கறது, சேர்ந்து தாவுறது... மெஷின் வேணுமா கீபோர்டு வேணுமான்னு நீங்க பேசறீங்க. அதுக்குப் பின்னால நான் ஒக்காந்திருந்தேன்."

ஆனந்தராஜா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாசுவைப் பார்த்தார், முடிவு உம்முடையது என்பதுபோல. வாசு அவரைப் பார்க்கவில்லை. மெலிந்த இடது கையால் வடைத் தட்டை ருக்குமணியின் பக்கமாகத் தள்ளி, பக்கத்து நாற்காலியில் கிடந்த துணியை எடுத்து அவளுக்கு இடம் செய்தான்.

"வர்ற சனிக்கிழம ஒத்திகை," என்றான். "உனக்கு எந்த ஷிப்ட்?"